செம்புக் காப்பு போட்ட கை பச்சையாகிறது: உலோகம் உடம்புக்குள் போய்விட்டதா?

கேள்வி: இரண்டு வருடமாகச் செம்புக் காப்பு போட்டிருக்கிறேன். வேர்த்தால் மணிக்கட்டு பச்சையாகிவிடுகிறது. இணையத்தில் பார்த்த ஒரு நிறுவனத்துக்குத் தலைமுடியை அனுப்பிப் பரிசோதித்தேன். செம்பு, ஈயம், நிக்கல் மூன்றும் அதிகமாம், தோல் வழியாக ஏறியிருக்கிறதாம், மூன்று மாதம் நச்சுநீக்க மருந்து சாப்பிட வேண்டுமாம். கையுறைமேல் விழுந்த பாதரசத்தால் ஒரு விஞ்ஞானியே இறந்துபோனார் என்று படித்ததிலிருந்து தூக்கமில்லை. மீன்தொட்டியில் செம்பு மருந்து ஊற்றியபோது நத்தைகள் எல்லாம் செத்துப்போயின. அதே செம்பு என்னை மட்டும் விட்டுவிடுமா?

பதில்: அந்த மருந்துப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

மணிக்கட்டில் வரும் பச்சை, செம்பும் வேர்வையும் காற்றும் தோலின் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து உண்டாகும் செம்பு உப்பு. அது உட்கார்ந்திருப்பது தோலின் மேல்படலத்தில், அதாவது ஏற்கெனவே செத்துப்போன செல்கள் அடுக்கடுக்காக ஒட்டிக் கிடக்கும் இடத்தில். மணிக்கட்டுப் பக்கம் அந்தப் படலம் ஒரு மில்லிமீட்டரில் கிட்டத்தட்ட ஐம்பதில் ஒரு பங்குதான், ஆனால் அதன் இடுக்குகளெல்லாம் கொழுப்பால் அடைபட்டிருக்கின்றன. வேர்வையில் கரைந்த உலோகம் மின்னேற்றத்தோடு, தன்னைச் சுற்றி நீரைச் சேர்த்துக்கொண்டு இருக்கும். அந்த நிலையில் அதனால் கொழுப்பைத் தாண்டுவது ரொம்பக் கஷ்டம். சோப்புப் போட்டால் பச்சை போய்விடும், போகாத மிச்சமும் அந்தச் செத்த செல்கள் உதிரும்போது கூடவே உதிர்ந்துவிடும். கொஞ்சமே கொஞ்சம் உள்ளே போனாலும், ஒரு நாளைக்குச் சாப்பாட்டிலிருந்தே உங்களுக்குக் கிட்டத்தட்ட 0.9 மில்லிகிராம் செம்பு தேவைப்படுகிறது, மிஞ்சியதைக் கல்லீரல் பித்தநீரில் கலந்து வெளியேற்றிவிடுகிறது. இதைச் செய்ய முடியாமல் கல்லீரலில் செம்பு தேங்கிப்போகும் வில்சன் நோய் என்று ஒன்று உண்டு. அது பிறவியிலேயே மரபணுவில் வருவது, காப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நத்தை விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயமானது. மீனுக்கும் நத்தைக்கும் நம்மைப்போல் செத்த செல்களாலான மேலுறை கிடையாது. நன்னீர் மீனின் செவுளும் நத்தையின் மெல்லிய உடலும் தண்ணீரிலிருந்து உப்பை இழுத்துக்கொள்ளும்படி அமைந்தவை, செம்பு அதே வழியில் நுழைந்து சோடியம் உள்ளே வருவதைக் கெடுத்துவிடும். மீன் மருந்தில் செம்பின் அளவு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும், நத்தைக்கு அதுவே எமன். மனிதர் குடிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே நத்தை செத்ததை வைத்து உங்கள் உடம்பைக் கணக்குப் போடாதீர்கள்.

இப்போது அந்த முடிப் பரிசோதனை. முடியில் இருக்கும் உலோகம் உடம்பிலிருந்து வந்ததா, ஷாம்புவிலிருந்தும் சாயத்திலிருந்தும் குளிக்கும் தண்ணீரிலிருந்தும் ஒட்டிக்கொண்டதா என்று நம்பகமாகப் பிரித்துச் சொல்ல முடியாது. 2001-ல் அமெரிக்காவில் நல்ல ஆரோக்கியமான ஒருவரின் முடியைப் பிரித்து ஆறு வணிக ஆய்வகங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ஒரே தலை, ஒரே முடி, ஆனால் சில தாதுக்களின் அளவு ஆய்வகத்துக்கு ஆய்வகம் பத்து மடங்குக்கு மேல் மாறியது, அவர்கள் சொன்ன உணவு யோசனைகளும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. அந்த ஆய்வு வந்து இத்தனை வருடம் ஆகியும் அதே வியாபாரம் நடக்கிறது. பரிசோதனை செய்பவரே மருந்தும் விற்கிறார் என்றால் உங்களுக்கு ஒன்றுமில்லை என்று அறிக்கை வருமா? வரவே வராது. இதைத் தடுக்க வேண்டியவர்கள், விற்பது மருந்தல்ல, உணவுத் துணைப்பொருள் என்று சொல்லி ஃபைலை மூடிவிடுகிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

அடுத்த கட்டமாக உங்களைச் சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள், அதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். முதலில் உலோகத்தைப் பிடித்து இழுக்கும் ஒரு மருந்தைக் கொடுப்பார்கள், பிறகு சிறுநீரைப் பிடித்து அளப்பார்கள். அந்த மருந்து கொடுத்தால் யார் சிறுநீரிலும் உலோகம் கூடத்தான் செய்யும், ஏனென்றால் உலகத்தில் எல்லார் உடம்பிலும் துளித்துளியாக ஈயமும் பாதரசமும் இருக்கின்றன. அந்த எண்ணை, மருந்தே சாப்பிடாதவர்களுக்கான அளவோடு ஒப்பிட்டுச் சிவப்பு மையில் அச்சடித்துக் கையில் கொடுப்பார்கள். இந்த முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. அந்த வகை மருந்துகளும் விளையாட்டுச் சாமான் அல்ல. அதில் ஒன்றான டைசோடியம் இ.டி.டி.ஏ. ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். 2003-க்கும் 2005-க்கும் இடையில் அமெரிக்காவில் அது ஏற்றப்பட்டு, கால்சியம் சரிந்து இதயம் நின்று இறந்தவர்களில் குழந்தைகளும் உண்டு. காலை உப்புத்தண்ணீரில் வைத்து மின்சாரம் விட்டு, தண்ணீர் பழுப்பானதைக் காட்டி உங்கள் நஞ்சு வெளியேறிவிட்டது என்பவர்களையும் நம்பாதீர்கள். அது அந்தக் கருவியின் இரும்புத் தகடு துருப்பிடிக்கும் நிறம், கால் வைக்காவிட்டாலும் தண்ணீர் பழுப்பாகும்.

அந்த விஞ்ஞானியின் கதை உண்மை. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த கேரன் வெட்டர்ஹான். 1996 ஆகஸ்டில் லேடெக்ஸ் கையுறைமேல் ஓரிரு சொட்டுதான் விழுந்தது, 1997 ஜூனில் இறந்துபோனார். ஆனால் விழுந்தது டைமெத்தில் மெர்குரி. அதில் பாதரசம் கரிமச் சேர்மமாக, கொழுப்பில் கரையும் வடிவத்தில் இருக்கிறது. கையுறையையும் தாண்டும், தோலின் கொழுப்பையும் தாண்டும். ஆராய்ச்சிக்கூடத்துக்கு வெளியே அதை நீங்கள் பார்க்கப்போவதே இல்லை. அதே பாதரசம் உடைந்த வெப்பமானியிலிருந்து உருண்டு வந்தால் தோல் வழியாகப் பெரிதாக ஏறாது, விழுங்கினால்கூடக் குடல் அதைக் கிட்டத்தட்ட முழுசாக வெளியே தள்ளிவிடும், ஆனால் அதன் ஆவியை மூச்சில் இழுத்தால் ஐந்தில் நான்கு பங்கு உடம்பில் தங்கிவிடும். எந்த உலோகம் என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த வடிவத்தில், எந்த வழியில் என்று கேட்க வேண்டும். ஈயமும் அப்படித்தான். ஈயம் கலந்த நகை தோலில் பட்டால் உள்ளே போவது மிகமிகக் குறைவு, குழந்தை அதை வாயில் போட்டால் கதையே வேறு. 2006-ல் அமெரிக்காவில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று ஏறக்குறைய முழுக்க ஈயத்தாலான சின்னத் தொங்கட்டானை விழுங்கி இறந்தது.

நீங்கள் கேட்காத ஒன்றைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் தோல் வழியாக உலோகம் ஏறி ஆட்கள் உண்மையிலேயே நோயாளியாவது இங்கேதான் நடக்கிறது: முகம் வெளுக்கப் பூசும் கிரீம். சிலவற்றில் பாதரச உப்பைக் கலக்கிறார்கள், அது தோலில் நிறமி உருவாவதைத் தடுப்பதால் சில வாரத்தில் பளிச்சென்று தெரியும். களிம்போடு சேர்த்துத் தினமும் தேய்த்து இரவெல்லாம் ஊறவிடும்போது, கையில் போட்ட காப்பு மாதிரி அது சும்மா கிடக்காது. உள்ளே ஏறிச் சிறுநீரகத்தில் சேர்கிறது, சிறுநீரில் புரதம் ஒழுகி முகமும் காலும் வீங்குகின்றன, கை நடுங்குகிறது, தூக்கம் கெடுகிறது. தலையணை, துண்டு வழியாகக் கிரீம் தொடாத குழந்தைக்கும் போகிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை 2013-ல் உருவாகி, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப்பொருட்களை 2020-க்குள் நிறுத்தச் சொன்னது, 2023-ல் அந்த ஒரு பங்கும் கூடாது என்று நாடுகள் முடிவெடுத்தன. காகிதத்தில் எல்லாம் சரி. ஒரு பெயரைத் தடை செய்தால் அதே கிரீம் வேறு டப்பாவில் அடுத்த வாரமே விற்பனைக்கு வருகிறது, விற்கும் இணையதளமோ நாங்கள் வெறும் இடைத்தரகர் என்று கை விரிக்கிறது. டப்பாவில் கேலோமெல், மெர்குரஸ் குளோரைடு, அம்மோனியேட்டட் மெர்குரி என்று இருந்தால் விட்டுவிடுங்கள். பொருட்பட்டியலே இல்லாவிட்டாலும் விட்டுவிடுங்கள். தங்கம், வெள்ளி, அலுமினியம் படக்கூடாது என்று எச்சரிக்கை போட்டிருந்தால் அதுவும் ஓர் அடையாளம், பாதரசம் அவற்றோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால்தான் அப்படி எழுதுகிறார்கள்.

நிக்கல் பற்றிச் சுருக்கமாக. அது தோலில் கொஞ்சம் நுழையும், ஆனால் அதனால் வருவது நஞ்சேற்றம் அல்ல, ஒவ்வாமை. காப்பு இருக்கும் இடத்தில் அரிப்பு, சிவப்பு, சின்னக் கொப்புளம் இருக்கிறதா? இல்லை என்றால் இந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். இருந்தால் கழற்றிவிட்டுத் தோல் மருத்துவரிடம் பட்டைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், முதுகில் ஒட்டி இரண்டு நாள் கழித்துப் பார்ப்பார்கள். ஒருமுறை ஒட்டிக்கொண்ட நிக்கல் ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுள் முழுக்க இருக்கும். நகைக்குள் எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்பதைவிட, வேர்வையில் எவ்வளவு வெளிவிடுகிறது என்பதுதான் முக்கியம். ஐரோப்பாவின் சட்டமும் அதைத்தான் அளக்கிறது: தோலில் பட்டுக்கிடக்கும் பொருள் ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் விடக்கூடாது. டென்மார்க் 1990-லேயே இப்படிக் கட்டுப்பாடு கொண்டுவந்தது, அதற்குப் பிறகு காது குத்திக்கொண்ட பெண்களிடம் இந்த ஒவ்வாமை குறைந்தது.

ஆக, அரிப்பு இல்லை என்றால் காப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றி வையுங்கள், பச்சை பிடிக்கவில்லை என்றால் உள்பக்கம் நிறமில்லாத நகப்பூச்சு தடவலாம். ஈயம் பற்றிய பயம் தீர வேண்டுமானால் ரத்தக்குழாயிலிருந்து ஊசியால் எடுத்த ரத்தத்தில் ஈயத்தின் அளவு பார்க்கச் சொல்லி உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள், மருந்து விற்காத ஆய்வகத்தில் செய்யுங்கள். முகத்துக்கு ஏதாவது வெளுப்புக் கிரீம் போடுகிறீர்கள் என்றால் அதைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டுங்கள், சிறுநீரில் பாதரசம் பார்க்கச் சொல்வார். அந்தப் பரிசோதனைக்கு முன்னால் உலோகத்தைப் பிடித்து இழுக்கும் எந்த மருந்தும் சாப்பிட்டிருக்கக் கூடாது.