பில் இருக்கா? மருந்துக் கட்டுப்பாடு பற்றி வாசகர்கள் கேட்டவை

மருந்து ஆய்வாளராகச் சேர்ந்து, உதவி இயக்குநராக ஓய்வு பெற்றவன் நான். மெடிக்கல் ஷாப்காரர்கள் பாஷையில் "டி.ஐ. சார்", அதாவது டிரக் இன்ஸ்பெக்டர். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, சிலவற்றைச் சுருக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஐந்து வருடமாக ஒரே பிரஷர் மாத்திரைதான் சாப்பிடுகிறேன். போன மாதம் வேறு கடையில் வாங்கினேன், பிரஷர் இறங்கவே இல்லை. போலி மாத்திரையோ என்று சந்தேகம். யாரிடம் சொல்வது? (ஓய்வுபெற்ற ஆசிரியை, தேனி)

முதலில் டாக்டரிடம் போங்கள் டீச்சர், எங்களிடம் அப்புறம் வரலாம். பிரஷர் ஏறுவதற்குத் தூக்கம் கெட்டதிலிருந்து ஊறுகாய் வரை ஆயிரம் காரணம். வீட்டு மெஷினில் பேட்டரி இறங்கியிருந்தாலும் அளவு தப்பும். டாக்டர் பார்த்த பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால், மிச்ச மாத்திரையை அட்டையோடு எடுத்து வையுங்கள். கூடவே பில்லையும்.

1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் 26-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. காசு கொடுத்து மருந்து வாங்கிய யாரும், உரிய கட்டணம் கட்டி, அரசு பகுப்பாய்வாளரிடம் அதைச் சோதிக்கக் கொடுக்கலாம். விண்ணப்பம் படிவம் 14-ஏ, பதில் அறிக்கை படிவம் 14-பி. என் சர்வீஸில் பொதுமக்கள் யாரும் இதைப் பயன்படுத்திப் பார்த்தது விரல் விட்டு எண்ணும் அளவுதான். காரணம், முக்கால்வாசிப் பேரிடம் பில் இருக்காது. பில் இல்லாவிட்டால் அந்த மாத்திரையை எந்தக் கடைக்காரரும் விற்கவில்லை, எந்த மொத்த வியாபாரியும் சப்ளை செய்யவில்லை. நீங்கள் சோதிக்கத்தான் முடியும், யாரையும் பிடிக்க முடியாது.

இன்னொரு சின்ன விஷயம். கடையில் நாலு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டித் தருகிறார்கள் அல்லவா? பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில் மட்டும்தான் அடித்திருக்கும். அந்த ஓரத்தைக் கடைசி வரை விட்டுவைத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு வர வேண்டும். அவசரத்தில் யார் பார்க்கிறார்கள்? முதல் வெட்டிலேயே ஓரம் போய்விட்டால் மிச்ச மாத்திரைக்கு ஊர் பேர் கிடையாது. முழு அட்டையாக வாங்க வசதியில்லாதவர்கள், பேட்ச் நம்பரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஆய்வாளர் வந்து "சாம்பிள்" எடுப்பதை எங்கள் தெருக் கடையில் பார்த்தேன். மெழுகுவத்தி, அரக்கு எல்லாம் வைத்துக்கொண்டு ஏதோ பூஜை மாதிரி இருந்தது. எதற்கு அவ்வளவு? (கல்லூரி மாணவர், கும்பகோணம்)

பூஜையேதான். மந்திரம் தப்பினால் பலன் இல்லை.

மாதிரி எடுப்பதற்கான வழி 23-ஆம் பிரிவில் இருக்கிறது. முதலில் மருந்துக்கு நியாயமான விலையைக் கொடுக்க வேண்டும். சும்மா எடுத்துக்கொண்டு போக முடியாது. படிவம் 17-இல் எழுதிக் கொடுக்க வேண்டும். கடைக்காரர் முன்னிலையிலேயே நாலு பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சீல் வைக்க வேண்டும். ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று அரசு பகுப்பாய்வாளருக்கு, ஒன்று கோர்ட்டுக்கு, ஒன்று கடைக்காரர் யாரிடம் வாங்கியதாகச் சொல்கிறாரோ அவருக்கு. கம்பெனியிலேயே எடுத்தால் மூன்று பங்கு போதும். அரக்கை உருக்க மெழுகுவத்தி ஏற்றினால் முதல் வேலையாக ஃபேனை நிறுத்தச் சொல்வோம். கடைக்காரருக்கு வேர்த்துக் கொட்டும். வெளியே நிற்பவர்கள், "மாட்டிக்கிட்டான்டா, எப்படி வேர்க்குது பாரு" என்பார்கள்.

கோர்ட்டுக்கு ஏன் ஒரு பங்கு? பகுப்பாய்வாளர் "தரமில்லை" என்று அறிக்கை தந்தால், அது கைக்குக் கிடைத்த 28 நாளுக்குள் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கலாம். அப்போது கோர்ட்டிலிருக்கும் அந்தப் பங்கு கொல்கத்தாவில் உள்ள மத்திய மருந்து ஆய்வகத்துக்குப் போகும். அவர்கள் சொல்வதுதான் முடிவு.

சேர்ந்த புதிதில் எடுத்த ஒரு ஊசி மருந்து மாதிரி எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. சீலின் மாதிரி அச்சை ஒரு காகிதத்தில் வைத்து ஆய்வகத்துக்குத் தனியாகப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும், பொட்டலத்தின் சீலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. அரக்கு ஆறுவதற்குள் முத்திரையைத் தூக்கிவிட்டேன். அச்சு கலங்கிவிட்டது. மருந்து தரமற்றதுதான், அறிக்கையும் அப்படியே வந்தது. வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் மருந்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. அரை மணி நேரம் அந்த அரக்கைப் பற்றியே கேட்டார். வழக்கு போயிற்று.

"பாராசிட்டமால் தரமற்றது" என்று பேப்பரில் பார்த்து, வீட்டில் இருந்ததையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டேன். சரிதானே? (இல்லத்தரசி, அம்பத்தூர்)

அவசரப்பட்டுவிட்டீர்கள். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதா மாதம் வெளியிடும் பட்டியலில் இருப்பது பேட்ச் நம்பரோடு கூடிய குறிப்பிட்ட சரக்கு. அந்தப் பேட்ச் தவிர மற்றதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. அதோடு, தரமற்றது வேறு, போலி வேறு. மருந்தின் அளவு குறைந்திருக்கலாம், வயிற்றில் கரைய வேண்டிய நேரத்தில் கரையாமல் போகலாம், அது தரக்குறைவு. இன்னொருவர் பெயரில் அச்சடித்து விற்பதும், மருந்தே இல்லாமல் மாவை அடைத்து விற்பதும் போலி. சட்டத்தில் இரண்டுக்கும் தண்டனை வேறு வேறு. தலைப்பில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

இருமல் மருந்து குடித்துக் குழந்தைகள் செத்த செய்தியைப் படித்ததிலிருந்து என் பேத்திக்கு எந்த சிரப்பும் கொடுக்கப் பயமாக இருக்கிறது. இவ்வளவு அதிகாரிகள் இருந்தும் எப்படி நடந்தது? (காஞ்சிபுரம்)

இந்தக் கேள்வி எங்கள் துறையில் இருந்தவர்கள் தலைகுனிய வேண்டிய கேள்வி. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த கோல்ட்ரிஃப் சிரப் உங்கள் மாவட்டத்தில், சுங்குவார்சத்திரத்தில் தயாரானது. எஸ்.ஆர்.-13 என்ற பேட்சை நம் மாநில ஆய்வகம் சோதித்தபோது டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. ஒப்புக்கொள்ளக்கூடிய அளவு 0.1 சதவீதம். ஏதோ தூசி மாதிரி கலந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது, பாதி பாட்டில் விஷம்.

இந்த விஷம் எங்கிருந்து வருகிறது? மருந்தைக் கரைக்க கிளிசரின் அல்லது புரொப்பிலீன் கிளைக்கால் சேர்ப்பார்கள். டைஎத்திலீன் கிளைக்கால் தொழிற்சாலைகளில் பயன்படும் கரைப்பான். பார்க்க அதே போலக் கெட்டியாக, நிறமில்லாமல், இனிப்பாக இருக்கும். விலை குறைவு. கேனில் இருப்பது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆகவேதான் மூலப்பொருள் ஒவ்வொரு பேட்சையும் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும், தயாரான மருந்தையும் பேட்ச் பேட்சாகச் சோதிக்க வேண்டும் என்று அந்த 1940 சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் 74-ஆம் விதி சொல்கிறது. விதி புதிதல்ல, விபத்தும் புதிதல்ல. 1937-இல் அமெரிக்காவில் இதே பொருளால் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த வருடமே அங்கே புதுச் சட்டம் வந்தது. 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேர். விசாரித்த நீதிபதி லெண்டின் கமிஷன் பக்கம் பக்கமாக எழுதியது. 2022-இல் காம்பியாவில் இந்தியாவிலிருந்து போன சிரப்புகளோடு தொடர்புபடுத்தப்பட்ட குழந்தை மரணங்கள். ஒவ்வொரு முறையும் செலவு ஒரு சோதனை, அதைத்தான் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

எங்கள் பங்கு? கம்பெனி ஆய்வுக்குப் போனால் பதிவேட்டைப் பார்ப்போம். "சோதித்தது, தேறியது" என்று கையெழுத்து இருக்கும். கையெழுத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் ஒரு ரகம். "சரி, அன்றைக்குச் சோதனைக் கருவி வரைந்து தந்த குரோமடோகிராம் வரைபடத்தைக் காட்டுங்கள்" என்று கேட்டவர் இன்னொரு ரகம். முதல் ரகம் எங்களிடம் அதிகம். உள்ளதைச் சொல்கிறேன்.

பேத்தி விஷயம்: நாலு வயதுக்குக் கீழே சளி, இருமலுக்குக் குளோர்ஃபெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த கலவை கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே அறிவுறுத்தல் வந்துவிட்டது. கோல்ட்ரிஃபிலும் அந்த இரண்டும் உண்டு. சின்னக் குழந்தையின் சாதாரணச் சளி பெரும்பாலும் தானே போகும். டாக்டர் எழுதாத சிரப் வேண்டாம். எந்த மருந்து குடித்தாலும், குழந்தை ஒன்றுக்குப் போவது குறைந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், பாட்டிலோடு.

ஜி.எச்.சில் தரும் மாத்திரை பளபளப்பு இல்லாமல் இருக்கிறது. ஓசி மருந்து என்பதால் மட்டமா? (விழுப்புரம்)

பளபளப்பு அட்டைக்குத்தான், மாத்திரைக்கு இல்லை. நம் மாநிலத்தில் 1994-இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம்தான் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறது. கிடங்குக்கு வந்த சரக்கு நேராக ஆஸ்பத்திரிக்குப் போகாது. பேட்ச் வாரியாக மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயர் தெரியாதபடி மறைத்து, ரகசிய எண் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறிய பிறகுதான் விநியோகம். நீங்கள் வெளியே கடையில் வாங்கும் மாத்திரைக்கு இந்த இரண்டாவது சோதனை கிடையாது. இந்த முறையைப் பார்த்துத்தான் கேரளமும் ராஜஸ்தானும் தங்கள் கழகங்களை ஆரம்பித்தன. டின்னிலிருந்து எண்ணிப் பேப்பரில் மடித்துக் கொடுத்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன், அதனால் எனக்கு இந்த மங்கின அட்டை மேல் கொஞ்சம் மரியாதை உண்டு.

மகன் பி.ஃபார்ம் கடைசி வருடம். டிரக் இன்ஸ்பெக்டர் ஆக வேண்டும் என்கிறான். நல்ல வேலையா? (தர்மபுரி)

தகுதி விதி 49-இல் இருக்கிறது; அவன் படிப்பு போதும். மாநிலப் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி., மத்திய அமைப்புக்கு யு.பி.எஸ்.சி. அறிவிப்பு வருடா வருடம் வரும் என்று காத்திருந்து வயதைத் தொலைக்க வேண்டாம்.

நான் சொல்வது ஒன்றுதான். பாஸானதும் கோச்சிங் சென்டரில் உட்காராமல், ஒரு மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இரண்டு வருடம் இருக்கட்டும். தடுப்பூசி, ஊசி மருந்து போன்ற அட்டவணை 'சி' மருந்துத் தயாரிப்பை ஆய்வு செய்ய, அவற்றின் தயாரிப்பிலோ சோதனையிலோ 18 மாத அனுபவம் விதியே கேட்கிறது. அதைவிட முக்கியம், கரைதிறன் சோதனையைத் தன் கையால் செய்து சொதப்பியவனுக்குத்தான், பதிவேட்டில் எல்லா எண்ணும் அழகாக இருந்தால் சந்தேகம் வரும்.

வேலையில் பாதி கடை, கம்பெனி. மீதிப் பாதி கோர்ட் வராண்டா. ஐந்து வருடத்துக்கு முன்னால் எடுத்த மாதிரிக்கு, இன்னொரு மாவட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து சாட்சி சொல்ல வேண்டும். பொறுமைசாலியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கவர் வாங்குவதைப் பற்றி எழுதுவீர்களா? (பெயர் வேண்டாம்)

எழுதுகிறேன். வாங்குகிறவர்கள் இருந்தார்கள். எனக்கு முதல் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் வந்தது, அடியில் தாள் இருந்தது. திருப்பி அனுப்பியதும் "சார் ஜாஸ்தி எதிர்பார்க்கிறார் போல" என்று அடுத்த நாள் பெரிய பாக்ஸ் வந்தது. திருப்பிக் கொடுப்பதைப் பேரம் என்று புரிந்துகொள்ளும் ஊரில் எப்படி நடந்துகொள்வது என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.

ஹவுஸ் சர்ஜன் முடிக்கப்போகிறேன். கிளினிக் பக்கம் போகாமல் அரசின் சுகாதாரக் கொள்கைப் பணிக்கு வர வழி உண்டா? (மதுரை)

தமிழ்நாட்டில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம், டாக்டர். 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் போட்ட மாநிலம் இது. பொது சுகாதாரத் துறைக்குத் தனி இயக்ககம், தனிப் பணிநிரை. அதில் சேர்ந்து மேலே வரலாம். சென்னையில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பும் நல்ல வாசல்.

கொள்கை என்றால் ஏதோ பெரிய ஹாலில் பெரிய பேச்சு என்று நினைத்து வந்துவிடாதீர்கள். நான் உட்கார்ந்த கூட்டங்களில் முக்கால்வாசி, ஒரு பட்டியலில் எந்த மருந்தைச் சேர்ப்பது, எதை எடுப்பது என்பதுதான். குழந்தைகளுக்குச் சிரப்பா, தண்ணீரில் கரையும் மாத்திரையா என்று ஒரு நாள் முழுக்கப் பேசியிருக்கிறோம். மலைக்கிராம ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாட்டில் உடையும், அளவு மூடி தொலையும் என்று சொன்னவர் அங்கே வேலை பார்த்த ஒரு டாக்டர்தான். ஆகவே முதலில் இரண்டு வருடம் ஒரு பி.எச்.சி.யில் இருங்கள்.

ஒரே மருந்து ஒரு கம்பெனியில் 20 ரூபாய், இன்னொன்றில் 90. அரசு விலை வைப்பதாகச் சொல்கிறார்களே? (திருப்பூர்)

எல்லா மருந்துக்கும் வைப்பதில்லை. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவற்றுக்கு மட்டும் உச்சவரம்பு. 2013-ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, சந்தையில் ஒரு சதவீதமாவது பங்குள்ள பிராண்டுகள் சில்லறைக் கடைக்கு விற்கும் விலையின் சராசரி, அதோடு கடைக்காரருக்கு 16 சதவீதம். கம்பெனிகள் வைத்த விலையிலிருந்தே சராசரி எடுப்பதால், எல்லாரும் உயர்த்தி வைத்தால் வரம்பும் உயரமாகத்தான் நிற்கும். எனக்கு இந்த முறை பிடிக்காது. பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துக்கு வருடத்துக்கு 10 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான் கட்டுப்பாடு.

ஒவ்வொரு ஏப்ரலிலும் மொத்த விலைக் குறியீட்டை வைத்து வரம்பு மாறும். 2023-இல் 12 சதவீதத்துக்கு மேல் ஏறியது. 2024-இல் ஏறியது 0.00551 சதவீதம், அதாவது நூறு ரூபாய் மருந்துக்கு அரைப் பைசா. அந்த வருடமும் "மருந்து விலை உயர்வு" என்று செய்தி வந்தது.

20 ரூபாய் மருந்தை டாக்டரிடம் காட்டி, அதே மூலப்பொருள்தானா என்று கேட்டுவிட்டுத் தாராளமாக வாங்குங்கள். மக்கள் மருந்தகமோ, முதல்வர் மருந்தகமோ பக்கத்தில் இருந்தால் அங்கேயும் பாருங்கள்.

செஃபிக்ஸிம் கேட்டால் சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்கிறார் கடைக்காரர். போன தடவை சாப்பிட்டதுதானே? (சேலம்)

அவர் நல்ல கடைக்காரர், மாற்றாதீர்கள். அந்த ஆன்டிபயாடிக் 2014 மார்ச்சிலிருந்து அட்டவணை எச்-1, அதாவது சீட்டோடு கூடுதல் கட்டுப்பாடும் உள்ள மருந்துகளின் பட்டியலில் இருக்கிறது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும்.

"சர்க்கரையை வேரோடு அறுக்கும் சித்த மருந்து" என்று டி.வி.யில் வருகிறதே? (திருநெல்வேலி)

சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டின் மருந்து, மந்திர வைத்திய விளம்பரங்கள் பற்றிய சட்டப்படி குற்றம், எந்த வைத்தியமுறையாக இருந்தாலும். நல்ல சித்த மருத்துவர் யாரும் அப்படி விளம்பரம் செய்து நான் பார்த்ததில்லை. சித்த மருந்துக்கு லைசென்ஸ் தரும் அதிகாரி எங்கள் துறையில் இல்லை, சென்னை அரும்பாக்கத்தில் இந்திய மருத்துவத் துறையில் இருக்கிறார். விளம்பரத்தின் பதிவோடு அங்கே எழுதுங்கள்.

அட்டையில் காலாவதி "06/2026" என்று மாதம் மட்டும் இருந்தால் ஜூன் 1-ஆம் தேதியே முடிந்துவிட்டதா? (நாகர்கோவில்)

இல்லை. ஜூன் 30 வரை சாப்பிடலாம்.