ஹஜ் பயணம்: டெல்டா ஊர்களிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

பாபநாசம் வட்டாரத்தில் நடந்த ஹஜ் பயிற்சி வகுப்பில் நேரமின்மையால் நின்றுபோன கேள்விகளை எழுத்தாக அனுப்பும்படி கேட்டிருந்தேன். வந்தவற்றுக்கு, வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

கும்பகோணம்: நான் முஸ்லிம் அல்லன். மகாமகத்தில் நீராடினால் பாவம் தொலையும் என்பது எங்கள் நம்பிக்கை. ஹஜ்ஜும் அத்தகையதா? கறுப்புக் கல்லை முத்தமிடுவது வழிபாடு ஆகாதா?

கஃபாவின் மூலையில் பதித்திருக்கும் அந்தக் கல்லைப் பற்றிய ஐயத்துக்கு இரண்டாம் கலீஃபா உமர் அவர்களே விடை சொல்லிவிட்டார். "நீ ஒரு கல், உன்னால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை, நபிகளார் உன்னை முத்தமிட்டதைப் பார்த்திராவிட்டால் நானும் முத்தமிட்டிருக்க மாட்டேன்" என்ற கருத்தில் அவர் அந்தக் கல்லின் முன்னாலேயே பேசியது நபிமொழித் தொகுப்புகளில் பதிவாகியிருக்கிறது. கூட்டத்தில் கல்லை நெருங்க முடியாதவர் தொலைவிலிருந்து கையை உயர்த்திச் சைகை செய்தால் போதும். ஹஜ்ஜுக்கு ஒரு குறையும் வராது.

பாவம் பற்றிய கேள்வி இதைவிட முக்கியமானது. தீய பேச்சும் குற்றமும் இல்லாமல் ஹஜ்ஜை நிறைவேற்றியவர், தாய் பெற்றெடுத்த நாளில் இருந்தவரைப் போலத் திரும்புகிறார் என்பது நபிமொழி. ஆனால் அடுத்தவருக்குச் சேர வேண்டியதை ஹஜ் அழிக்காது என்று மார்க்க அறிஞர்கள் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். வாங்கிய கடனும், அபகரித்த வரப்பும், தங்கைக்குத் தராத பங்கும், ஹஜ்ஜுக்கு வந்தவர்கள் கூடி நிற்கும் அரஃபா வெளியில் எவ்வளவு அழுதாலும் கணக்கில் அப்படியே நிற்கும். ஊரிலேயே தீர்க்க வேண்டியவற்றை ஊரிலேயே தீர்த்துவிட்டுத்தான் ஹஜ்ஜுக்காக அணியும் இஹ்ராம் துணியை எடுக்க வேண்டும்.

ராஜகிரி: அத்தா ஹஜ் செய்யாமலேயே மவுத்தாகிவிட்டார். அவர் விட்டுச்சென்ற நிலத்தில் ஒரு பகுதியை விற்று அவருக்காக நான் ஹஜ் செய்யலாமா?

நீங்கள் முன்பே உங்களுக்கான ஹஜ்ஜை நிறைவேற்றியவரா என்பதைச் சொல்லவில்லை. பிறருக்காகப் போகிறவர் முதலில் தம் கடமையை முடித்திருக்க வேண்டும் என்பது, மார்க்கச் சட்ட வழிகளில் ஒன்றான ஷாஃபி மத்ஹபில் நிபந்தனை. ஹனஃபி மத்ஹபில் அப்படி முடிக்காமல் போனாலும் பிறருக்காகச் செய்யும் பதல் ஹஜ் நிறைவேறிவிடும் என்றாலும், அது விரும்பத்தகாததே. பணத்தைப் பொறுத்தவரை, இறந்தவர் மீது ஹஜ் கடமையாகியிருந்தால் சொத்தைப் பங்கிடும் முன்பே அந்தச் செலவை ஒதுக்க வேண்டும் என்று ஷாஃபி சொல்கிறது. வஸிய்யத் (உயில்) இருந்தால் மட்டுமே, அதுவும் மூன்றில் ஒரு பங்குக்குள் என்பது ஹனஃபி. உங்கள் ஊர் ஹனஃபி ஊர். அத்தா வஸிய்யத் செய்யவில்லையென்றால், முதலில் நிலத்தைப் பங்கிட்டு உங்கள் சகோதரிகளின் பங்கை அவர்கள் பெயரில் பதிவு செய்து கொடுங்கள். அதன் பிறகு உங்கள் பங்கை விற்று அத்தாவுக்காகப் போவது நல்ல காரியம். "அக்காதங்கைகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்" என்பதை இந்த வட்டாரத்தில் அடிக்கடி கேட்கிறேன். பத்திரத்தைக் கையில் கொடுத்த பிறகும் அவர்கள் அதையே சொல்கிறார்களா என்று பாருங்கள்.

திருவாரூர்: இஹ்ராமில் தையல் போட்ட பெல்ட் அணியலாமா?

அணியலாம். உடலின் வடிவத்துக்கு ஏற்பத் தைத்த சட்டை, கால்சட்டை போன்றவையே ஆண்களுக்குத் தடை. கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, பணப்பை எதற்கும் தடையில்லை.

நாகூர்: நான் ஷாஃபி, கணவர் ஹனஃபி. தவாஃபில் (கஃபாவைச் சுற்றுவதில்) அந்நிய ஆணின் கை பட்டால் என் ஒளு (வணக்கத்துக்கு முன் தண்ணீரால் செய்யும் உறுப்புத் தூய்மை) முறிந்துவிடுமே, நான் என்ன செய்வது?

கடலோர ஊர்களிலிருந்து போகும் ஒவ்வொரு பெண்மணிக்கும் இந்தக் கவலை உண்டு. மஹ்ரம் (மணக்கத் தடையான நெருங்கிய உறவு) அல்லாத ஆண் பெண் தோலோடு தோல் பட்டால் ஒளு முறியும் என்பதும், ஒளு இல்லாத தவாஃப் செல்லாது என்பதும் ஷாஃபி மத்ஹபின் நிலை. ஹனஃபியில் தொடுவதால் ஒளு முறியாது. ஆகவே தவாஃபில் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றிக்கொள்ள ஷாஃபி அறிஞர்களே வழி காட்டியிருக்கிறார்கள். அப்படிப் பின்பற்றுவதென்றால் ஒளுவும் ஹனஃபி முறைப்படி நிறைவாக இருக்க வேண்டும். சில முடிகளை மட்டும் தடவினால் போதாது, தலையில் கால் பங்கையாவது ஈரக்கையால் தடவ வேண்டும். காயத்திலிருந்து ரத்தம் வழிந்தால் ஒளு முறிந்ததாகக் கொள்ள வேண்டும். நிய்யத் எனும் மன எண்ணத்தையும் உறுப்புகளைக் கழுவும் வரிசையையும் நீங்கள் வழக்கம்போலக் கடைப்பிடியுங்கள்.

அதிராம்பட்டினம்: மேலே சொன்ன பதிலை ஏற்க முடியவில்லை, ஹஜ்ரத். வசதிக்காக மத்ஹப் மாறுவது விளையாட்டாகிவிடாதா?

இரண்டு மத்ஹபிலும் சலுகையை மட்டும் பொறுக்கி எடுத்து, எந்த மத்ஹபிலும் செல்லாத ஒரு வணக்கத்தை உருவாக்குவதுதான் விளையாட்டு. நான் எழுதியது அதற்கு நேர்மாறானது. எதைப் பின்பற்றுகிறோமோ அதன் நிபந்தனை முழுவதையும் ஏற்கும்படி சொல்லியிருக்கிறேன். தவாஃப் சுற்றும் இடமான, கூட்டம் நெரியும் மத்தாஃபில் ஒவ்வொரு முறையும் வெளியேறி ஒளுச் செய்து திரும்பச் சொன்னால், எழுபது வயதுப் பெண்மணியின் தவாஃப் எப்போது முடியும்?

கூத்தாநல்லூர்: தொட்டவருக்குத்தான் முறியும், தொடப்பட்டவருக்கு முறியாது என்று ஷாஃபியிலேயே ஒரு கருத்து உண்டே. ஹனஃபிக்கு ஏன் போக வேண்டும்?

உண்டு, ஆனால் இருவருக்கும் முறியும் என்பதே மத்ஹபில் வலுவான கூற்று. மேலும் நெரிசலில் யார் தொட்டார், யார் தொடப்பட்டார் என்பதை யார் பிரித்துச் சொல்வது? இருந்தாலும் அந்தக் கருத்தை நம்பி ஏற்கெனவே தவாஃப் செய்தவரைத் திரும்பச் செய்யச் சொல்ல மாட்டேன்.

இதே பொருளில் அதிராம்பட்டினத்திலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் மேலும் கேள்விகள் வந்திருக்கின்றன. சில கோபமாகவும் இருக்கின்றன. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். மன நிறைவு இல்லாதவர்கள் தம் ஊர் ஆலிமிடம் நேரில் கேட்டுக்கொள்ளட்டும்.

மன்னார்குடி: பெல்ட்டில் தையல் இருந்தால் குற்றமாகுமா?

திருவாரூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருத்துறைப்பூண்டி: விவசாயி நான். குறுவை நேரத்தில் ஹஜ் வருகிறது. எந்த ஆண்டு போவது எனக்குத் தோது?

பிறை ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ பதினொரு நாள் குறைவு என்பதால் ஹஜ் ஆண்டுதோறும் முன்னால் நகர்கிறது. 2024இல் ஜூன் நடுவில் வந்த அரஃபா நாள் 2026இல் மே கடைசி வாரத்துக்கும் 2030இல் ஏப்ரலுக்கும் வந்துவிடும். மேட்டூர் திறக்கும் ஜூன் 12க்கு முன்பே அடுத்த சில ஆண்டுகளில் ஊர் திரும்பிவிடலாம். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் 2035ஐ ஒட்டி அது சம்பா அறுவடையில் போய் நிற்கும். பயிர்க்கடன் நிலுவை இருந்தால் அதைக் கட்டிவிட்டுப் புறப்படுங்கள்.

அய்யம்பேட்டை: விசிட் விசாவில் குறைந்த செலவில் ஹஜ் செய்ய வைப்பதாக ஓர் ஏஜெண்ட் சொல்கிறார்.

வேண்டவே வேண்டாம். 2024 ஹஜ்ஜில் மக்காவின் வெப்பம் ஐம்பது டிகிரியைக் கடந்தபோது 1,300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் அதிகமானோர் அனுமதியின்றி வந்து, நிழலும் தங்குமிடமும் இல்லாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் என்று சவூதி அரசே அறிவித்தது. வசதி உள்ளவருக்குத்தான் ஹஜ் கடமை. வசதி இல்லாதவர் குறுக்கு வழி தேடிப் போகவேண்டிய கட்டாயம் மார்க்கத்தில் இல்லை.

மயிலாடுதுறை: மஹ்ரம் இல்லாத பெண் போகலாமா?

ஹனஃபியில் கூடாது. கடமையான ஹஜ்ஜுக்கு நம்பகமான பெண்கள் குழுவோடு போகலாம் என்பது ஷாஃபி. தம் மத்ஹப் அனுமதிக்கும் 45 வயது கடந்த பெண்கள் நால்வராகச் சேர்ந்து விண்ணப்பிக்க 2018 ஹஜ்ஜிலிருந்து இந்திய ஹஜ் கமிட்டி வழி செய்தது. இன்றைய விதிமுறையைக் கமிட்டியிடமே கேளுங்கள். கட்டணம், தடுப்பூசி பற்றி எழுதியவர்களுக்கும் இதுவே பதில்.

வலங்கைமான்: அம்மாவுக்கு முழங்கால் வலி. ஸஃயும் கல்லெறிதலும் முடியுமா?

ஸஃயு என்பது ஸஃபா, மர்வா என்ற இரு குன்றுகளுக்கு இடையே ஏழு முறை நடப்பது. ஸஃபாவிலிருந்து மர்வாவுக்கு ஏறத்தாழ 450 மீட்டர். ஏழு நடையும் சேர்த்தால் மூன்று கிலோமீட்டருக்கு மேல். அங்கே சக்கர நாற்காலி கிடைக்கும், அதில் ஸஃயு செய்வது செல்லும். மினாவில் தூண்கள் மீது எறியும் கல் கொண்டைக்கடலை அளவு இருந்தால் போதும். உண்மையிலேயே இயலாதவர் வேறொருவரைப் பொறுப்பாக்கலாம். பொறுப்பேற்றவர் தமக்குரிய ஏழு கற்களை எறிந்த பிறகு அம்மாவுக்காக எறிய வேண்டும். அரஃபாவில் தங்குவதற்குப் பகரமாக வேறொருவரை நிறுத்த முடியாது. துல்ஹஜ் மாதம் ஒன்பதாம் நாள் நண்பகல் சாய்ந்ததிலிருந்து பத்தாம் நாள் விடியலுக்குள் அவர் அந்த எல்லைக்குள் சிறிது நேரமாவது இருந்தாக வேண்டும். படுத்தபடி இருந்தாலும் செல்லும். குடமுருட்டிக் கரையில் காலையில் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கப் பழக்குங்கள், அங்கே அணியப்போகும் அதே செருப்போடு.