செயின் வாங்கப் போகும் முன் பல்லை எண்ணுங்கள்

கேள்வி (கம்பத்திலிருந்து ஒரு வாசகர்): அண்ணே, வணக்கம். ஏழு வருஷம் ஓடிய 100 சிசி வண்டி வைத்திருக்கிறேன். தினமும் காலையில் கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போய், சாயங்காலம் இறங்கி வருகிறேன். பாதி நாள் வீட்டுக்காரியும் பின்னால் உட்கார்ந்து வருவாள். போன மாதம் செயின் இரண்டு தடவை கழன்றுவிட்டது. செயினை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் மெக்கானிக். கூட வேலை பார்க்கும் பையன், முன் பல்சக்கரத்தில் 14 பல் இருக்கும் இடத்தில் 13 போடு, மேடு தெரியாது என்கிறான். பின்னால் 42 பல். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: தம்பி, முதலில் ஒன்று. இரண்டு தடவை கழன்ற செயினோடு இன்னொரு நாள் மெட்டு ஏறாதீர்கள், அதுவும் ஆளை வைத்துக்கொண்டு. செட் (செயினும் முன், பின் பல்சக்கரமும்) மாற்றும் வரை ஜீப்பில் போய் வாருங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கே நடந்திருக்கிறது. பல வருஷத்துக்கு முன்னால் லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தபோது ஒரு கொண்டை ஊசி வளைவில் செயின் விட்டுப்போய், முன் பல்சக்கரத்தில் சுருண்டு இன்ஜின் கேஸையே உடைத்துவிட்டது. ஆயில் முழுக்க ரோட்டில். பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் பிடித்ததால் தப்பித்தேன். அன்றைக்கு வண்டியில் இருந்தது மாட்டி ஒரு மாதம்கூட ஆகாத புதுச் செயின்! பல்சக்கரம் இரண்டும் பழசு, செயினின் இரு முனையை இணைக்கும் லாக் கிளிப்பைத் திருப்பி மாட்டியிருந்தார்கள்.

செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோமே, இரும்புத் தகடு ஒன்றும் ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. உள்ளே கண்ணிகளைக் கோக்கும் ஆணியான பின்னும் அதைச் சுற்றிய குழலான புஷ்ஷும் தேய்கின்றன, ஒவ்வொரு கண்ணியிலும் மயிரிழை அளவு. நூற்றுச் சொச்சம் கண்ணியில் அதெல்லாம் கூடி, செயின் தொங்குகிறது. கண்ணிக்குக் கண்ணி தூரம் கூடக் கூட, செயின் பல்லின் அடியில் உட்காராமல் நுனிப் பக்கம் ஏறி ஓடும், அந்த ஓட்டத்தில் பல்லும் அரிவாள் மூக்கு மாதிரி வளைந்து தேயும். அந்தப் பல்லில் புதுச் செயினைப் போட்டால் அளவு ஒத்துப் போகாது, பழைய பல் புதுச் செயினைத் தின்றுவிடும். அதனால் முன் பல், பின் பல், செயின் மூன்றும் ஒன்றாகத்தான் மாற வேண்டும். இதில் உங்கள் மெக்கானிக் சொல்வது தப்பு. இப்போது மிச்சமாகும் காசு, அடுத்த வருஷமே புதுச் செயின் விலையாகத் திரும்பிப் போகும்.

சந்தேகம் இருந்தால் நீங்களே அளந்து பாருங்கள். 428 செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் தூரம் 12.7 மில்லிமீட்டர், இருபது கண்ணிக்கு 254. செயினை இறுக இழுத்துப் பிடித்து ஒரு பின்னின் நடுவிலிருந்து இருபத்தோராவது பின்னின் நடு வரை டேப் வையுங்கள். 259-ஐத் தொட்டிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. டேப் இல்லையா, பின் பல்சக்கரத்தின் கடைசி ஓரத்தில், அதாவது நம்பர் பிளேட் பக்கம், செயினை விரலால் பின்னோக்கி இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் அதுவும் அதே தீர்ப்புதான்.

அப்புறம் இந்த 428 என்ன கணக்கு? முதல் எண், ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரம் அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்று சொல்கிறது. 4 என்றால் அரை அங்குலம், 5 என்றால் எட்டில் ஐந்து. கடைசி இரண்டு எண் உள்அகலம். 420-க்கும் 428-க்கும் நீளக் கணக்கு ஒன்றுதான், அகலம் வேறு, உருளையின் பருமனும் வேறு, மாற்றிப் போட்டால் பல்லில் சரியாக உட்காராது. அதனால் கடையில் வண்டிப் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயரில் வருஷத்துக்கு வருஷம் பல் எண்ணிக்கை மாறியிருக்கும். பழைய செயின் தகட்டில் அச்சடித்த எண்ணைப் படித்து, இரண்டு சக்கரத்திலும் பல்லை எண்ணி, செயினில் எத்தனை கண்ணி என்பதையும் எண்ணி, காகிதத்தில் எழுதிக் கொண்டு போங்கள். முந்தைய ஆள் பல் எண்ணிக்கையை மாற்றியிருக்கலாம் என்பதால் வண்டியின் கையேட்டோடும் ஒத்துப் பாருங்கள். பெயருள்ள கம்பெனிச் செட்டாக வாங்குங்கள். கோயம்புத்தூரில் செய்யும் ரோலான் நம் பக்கம் தாராளமாகக் கிடைக்கிறது.

இனி அந்தப் பையன் சொன்ன 13. அவன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3, 13-ஆல் வகுத்தால் 3.23. அதாவது இழுவை நூற்றுக்கு ஏழு, எட்டு கூடும், வேகம் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். முன்பு 60-ல் ஓடிய இன்ஜின் சுற்றில் இனி 56-தான் போவீர்கள். இறங்கும்போது இன்ஜின் பிடிப்பும் கொஞ்சம் கூடும், டிரம் பிரேக் வண்டிக்கு மெட்டு இறக்கத்தில் அது பெரிய உதவி. ஆனால் சக்கரம் சின்னதாக ஆக, செயின் அதில் இன்னும் கூர்மையாக வளைய வேண்டும், தேய்மானம் கூடும். அதே இழுவையைப் பின்னால் 45 பல் போட்டும் வாங்கலாம், அங்கே வளைவுப் பிரச்சினை இல்லை. ஆனால் செயினில் கண்ணி கூட்ட வேண்டிவரும், கவரில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும்.

என் யோசனை இதுதான். முதலில் கம்பெனி அளவிலேயே, 14-42, புது செட் போட்டு ஒரு மாதம் மெட்டு ஏறிப் பாருங்கள். தேய்ந்த செயினே இழுவையைச் சாப்பிடும், பாதிக் குறை அதிலேயே போய்விடலாம். கிளட்ச் தட்டு நழுவுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் வீட்டுக்காரியோடு வளைவுக்கு வளைவு முதல் கியருக்கு வர வேண்டியிருந்தால் 13 போடுங்கள். சின்னச் சாமான், விலையும் குறைவு, பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிடலாம். தேனிப் பக்கம் சமவெளியில் அதிகம் ஓடுகிறவராக இருந்தால் நான் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

மாட்டும்போது பக்கத்தில் நின்று லாக்கைப் பாருங்கள். செயினின் மேல் பகுதி முன்னோக்கி ஓடுகிறது, லாக் அங்கே இருக்கும்போது அதன் மூடிய பக்கம் முன்னால், பிளந்த பக்கம் பின்னால். பழைய லாக்கைத் திரும்பப் போட விடாதீர்கள்.

கேள்வி (செங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்): புளியரை, ஆரியங்காவு வழியாகத் தென்மலைக்கு வேலைக்குப் போகிறேன். சாரல் காலம் வந்தால் ஒரே ராத்திரியில் செயின் துருப்பிடிக்கிறது. இப்போது வாங்கிய வண்டியில் ஓ-ரிங் செயின். பெட்ரோல் ஊற்றிக் கழுவலாமா?

பதில்: கூடாது. ஓ-ரிங் செயினில் தகடுகளுக்கு நடுவே சின்ன ரப்பர் வளையங்கள் இருக்கும், பின்னுக்குள் வைத்த கிரீஸை வெளியே விடாமல் காப்பது அவைதான். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் ரப்பரைக் கெடுத்துவிடும், அப்புறம் கொடுத்த விலைக்கு அர்த்தமில்லை. துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்து, மிருதுவான பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்ததும் 90 கியர் ஆயிலோ செயின் ஸ்ப்ரேயோ போட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். மழையில் நனைந்தால் அன்றைக்கு ராத்திரியே செய்வது நல்லது. இன்ஜினை அணைத்து, நியூட்ரலில், பின் சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் துடைக்க வேண்டும். ஸ்டாண்டு போட்டு, கியரில் ஓடவிட்டுத் துணி பிடித்தால் துணியோடு விரலும் பல்லுக்குள் போய்விடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி): அண்ணா, புது செட் போட்ட நாளிலிருந்து உய்ங் என்று ஒரு சத்தம். பழகினால் போய்விடும் என்கிறார்கள். நிஜமா?

பதில்: தங்கச்சி, அதை நம்பி ஓட்ட வேண்டாம். செயினை அதிகம் இறுக்கியிருப்பார்கள். ஸ்டாண்டில் கொஞ்சம் லூஸ் இருப்பதுபோல் தெரியும், ஆள் ஏறி உட்கார்ந்தால் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேலே வந்து செயின் விறைத்துவிடும். அப்படியே ஓடினால் முன் பல்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் கியர்பாக்ஸ் பேரிங் போய்விடும், அது பெரிய செலவு. சின்ன வண்டிகள் பலவற்றில் செயின் நடுவில் மேலும் கீழுமாக 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட வேண்டும், உங்கள் வண்டிக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எந்த இடத்தில் மிகவும் இறுக்கமோ அங்கே அளக்கச் சொல்லுங்கள். ஸ்விங் ஆர்மில் இரண்டு பக்கமும் கோடு போட்டிருக்கும், இரண்டும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். ஒரு கோடு தள்ளியிருந்தாலும் சக்கரம் கோணலாக நின்று இதே சத்தம் வரும்.