பெட் ஸ்கேனில் நெறி ஒளிர்ந்தால் புற்றுநோய் திரும்பிவிட்டதா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. இடது மார்பகத்தில் புற்றுநோய் வந்து ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து 14 மாதம் ஆகிறது. நெல்லிக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு அழைத்துப்போய்ப் பெட் சி.டி. எடுத்தோம். நெஞ்சின் நடுவில் இரண்டு பக்கமும் நெறிகள் (நிணநீர்க் கணுக்கள்) இருப்பதாகவும், எவ்வளவு ஒளிர்கிறது என்று காட்டும் எஸ்.யூ.வி. அளவு 6.8 என்றும், பரவலா தொற்றா என்று பார்க்க வேண்டும் என்றும் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறார்கள். அம்மாவுக்குக் காய்ச்சலோ இருமலோ இல்லை. சொந்தக்காரர்கள் உடனே கீமோ ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: இந்த ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக் கீமோ தொடங்க வேண்டாம். அந்த நெறியிலிருந்து திசு எடுத்துச் சோதித்த பிறகுதான் எந்த மருந்தும். அதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். உங்கள் அம்மா இப்போது இருக்கும் நிலையில் அந்தக் காத்திருப்பைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. தவறான மருந்தைத் தொடங்கிவிடுவதுதான் அஞ்ச வேண்டியது.

பெட் ஸ்கேனுக்குப் போடும் ஊசியில் இருப்பது, கதிர்வீச்சு சேர்த்த ஒருவகை சர்க்கரை. புற்றுநோய்ச் செல்கள் சர்க்கரையை வேகமாக இழுத்துக்கொள்வதால் படத்தில் ஒளிர்கின்றன. கிருமியோடு போராடும் நோய் எதிர்ப்புச் செல்களும் அதே வேகத்தில் இழுத்துக்கொள்ளும். கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. நம் நாட்டில் இப்படி ஏமாற்றுவதில் முதலிடம் காசநோய்க்கு. நெறியில் மட்டும் தங்கியிருக்கும் காசநோய் இருமலோ காய்ச்சலோ இல்லாமலும் இருக்கும். சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோயும், புற்றுநோய் சிகிச்சை பெற்றவர்களுக்குச் சில நேரம் அதே சாயலில் வரும் நெறி வீக்கமும் இப்படியே ஒளிரும்.

எஸ்.யூ.வி. 2.5ஐத் தாண்டினால் புற்றுநோய் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு கோடு கிடையாது. ரத்தச் சர்க்கரை, உடல் எடை, ஊசிக்கும் படத்துக்கும் இடைப்பட்ட நேரம், கருவி என எல்லாவற்றாலும் அந்த எண் மாறும். காசநோய் நெறியில் 10க்கு மேலும் வரலாம்.

எண்ணைவிட இடமும் அமைப்பும் அதிகம் சொல்லும். இடது மார்பகப் புற்று திரும்பினால் இடது அக்குள், இடது கழுத்தெலும்பின் மேல்பகுதி, மார்பெலும்பின் ஓரம் ஆகிய இடங்களில் நெறி வருவது வழக்கம். இரு நுரையீரல் வேர்களிலும் (மூச்சுக்குழாய் நுரையீரலுக்குள் நுழையும் இடங்கள்) ஏறக்குறைய ஒரே அளவில் ஒளிர்வது தொற்று அல்லது அழற்சியின் பக்கம் சாயும். ஆனால் இது சாய்வுதான், தீர்ப்பு அல்ல.

நெஞ்சின் நடுவிலிருக்கும் நெறிக்கு ஏற்ற வழி ஈபஸ். வாய் வழியாக மெல்லிய குழாயை மூச்சுக்குழாய்க்குள் விட்டு, அதன் நுனியிலுள்ள அல்ட்ராசவுண்டில் நெறியைப் பார்த்தபடியே ஊசியால் திசு எடுப்பார்கள். 6 மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எத்தனை நாள் நிறுத்துவது என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

பலமுறை சொதப்புவது இதற்கு அடுத்த படியில்தான். எடுத்த திசு முழுவதையும் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிட்டால் கிருமி செத்துப்போகும். பிறகு கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, செய்யவே முடியாது. ஒரு பகுதி ஃபார்மலினிலும், இன்னொரு பகுதி வெறும் சலைனிலும் போக வேண்டும். சலைனில் போவதைக் காசநோய்க் கிருமிக்கான சிபிநாட் சோதனைக்கும் கல்ச்சருக்கும் அனுப்ப வேண்டும். திசு எடுப்பதற்கு முன்பே, “டி.பி. சோதனைக்கும் சேர்த்து எடுக்கிறீர்களா டாக்டர்?” என்று கேட்டுவிடுங்கள். சிபிநாட் முடிவு ஒரே நாளில்கூட வரும், கல்ச்சருக்கு 6 வாரம் வரை ஆகும். அரசின் காசநோய்த் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். சிபிநாட் நெகட்டிவ் என்பதாலேயே காசநோய் இல்லை என்று ஆகிவிடாது.

பயாப்சி ரிப்போர்ட்டில் ‘புற்றுநோய் இல்லை’ என்றிருந்தால் அதோடு நின்றுவிடாமல், நெறியின் திசு போதுமான அளவு வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெறும் ரத்தம் மட்டும் வந்திருந்தால் மறுபடி எடுக்கத்தான் வேண்டும். கிரானுலோமா (அழற்சிச் செல்களின் சிறு திரள்) என்று வந்தால் காசநோயா சார்காய்டோசிஸா என்று பிரித்து மருந்து தருவார்கள். சுமார் 3 மாதம் கழித்து மீண்டும் படம் எடுத்து நெறி சுருங்கியதா என்று பார்ப்பார்கள். திசு எடுக்கும்வரை ஸ்டீராய்டு மாத்திரை எதுவும் வேண்டாம், அது நெறியைத் தற்காலிகமாகச் சுருக்கித் தடயத்தை மறைத்துவிடும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று டி.பி. மாத்திரை தொடங்குவதும் அதே தவறு.

ஸ்கேன் எடுத்த நாளையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். காலைப் பேருந்தில் வரும்போது இனிப்பு டீயோ இளநீரோ குடித்திருந்தால் இன்சுலின் ஏறி, ஊசிச் சர்க்கரை தசைகளுக்குப் போய்விடும். குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் வெறும் தண்ணீர்தான் குடிக்கலாம். ஊசிக்குப் பிறகான ஒரு மணி நேரத்தில் வெற்றிலை மென்றால் தாடைத் தசை ஒளிரும். ஏ.சி. அறையில் குளிரில் நடுங்கினால் கழுத்தோரக் கொழுப்பு ஒளிரும். ஒரு போர்வை கொண்டுபோவது நல்லது. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை குடலை ஒளிரவைக்கும், அதனால் சில இடங்களில் 48 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அண்மையில் தடுப்பூசி போட்டிருந்தால் அந்தக் கையின் அக்குள் நெறி சில வாரங்கள் ஒளிரும். உங்கள் அம்மாவுக்கு எந்தத் தடுப்பூசியானாலும் வலது கையில் போடச் சொல்லுங்கள். ஸ்கேன் ஊசி மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தாலும் அதே பக்க அக்குள் ஒளிரலாம். இவை எதுவும் நெஞ்சின் நடு நெறிகளுக்கு விளக்கமாகாது என்பதால் பயாப்சியைத் தவிர்க்க வழியில்லை.

பொய் எச்சரிக்கை நிறைய வருகிறது என்று எல்லாவற்றையும் ஒதுக்கிவிடவும் கூடாது. தைராய்டில் ஒரே புள்ளி மட்டும் ஒளிர்ந்தால் அல்ட்ராசவுண்டும் ஊசிச் சோதனையும், பெருங்குடலில் ஒரே இடம் ஒளிர்ந்தால் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியும் தேவை.

கோரிமேட்டில் ஜிப்மருக்குப் போனாலும் வேறு எங்கு போனாலும் ரிப்போர்ட் தாளோடு படங்கள் உள்ள சி.டி. தட்டு, பழைய ஸ்கேன்களின் தட்டு, ஆபரேஷன் பயாப்சி ரிப்போர்ட், கீமோவும் ரேடியேஷனும் முடிந்த தேதி, வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா என்ற விவரம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். பழைய படத்திலும் அதே நெறிகள் அதே அளவில் இருந்திருந்தால், மருத்துவரின் கணக்கே மாறிவிடும்.