கேம்பருக்குள் எலி

கேள்வி: குளிர்காலம் முழுக்க கேம்பர் டிரெய்லரை (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும், தங்கும் வசதியுள்ள வண்டி) நிறுத்தி வைக்கிறோம். திறந்தால் மெத்தையைக் குதறி எலி கூடு கட்டியிருக்கிறது. அந்துருண்டை போட்டும் பயனில்லை.

பதில்: அந்துருண்டையை விடுங்கள். எலி போகாது, நாற்றம்தான் மெத்தையில் தங்கும். சந்துகளை அடைப்பதுதான் வழி. பென்சில் நுழையும் 6 மி.மீ. இடைவெளியே சுண்டெலிக்குப் போதும்.

இருட்டியபின் ஒருவர் வண்டிக்கு அடியில் டார்ச் அடிக்கட்டும். இன்னொருவர் உள்ளே விளக்கை அணைத்துவிட்டு அலமாரிகளுக்குள் பார்க்கட்டும். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் எலிக்கு வாசல். பெரும்பாலும் சிங்க்குக்குக் கீழே குழாய் இறங்கும் இடமும், கேபிள் நுழையும் துளையும்தான். செம்புக் கம்பி வலையை இறுகத் திணித்து, மேலே சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) பூசுங்கள். ஃபோம் (நுரை) மட்டும் அடித்தால் எலி கடித்துவிடும். இரும்பு நார் ஈரத்தில் துருப்பிடித்து உதிரும். ஹீட்டரின் புகைப்போக்கியை மூடினால், மறுபடி ஹீட்டர் போடுமுன் கட்டாயம் திறந்துவிடுங்கள். நச்சுவாயு உள்ளே தேங்கினால் உயிருக்கே ஆபத்து.

உணவு, டிஷ்யூ பேப்பர், மெத்தை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். விஷம் வேண்டாம், சுவருக்குள் செத்து நாறும். ஸ்பிரிங் பொறியை, இரை முனை சுவரைத் தொடும்படி குறுக்காக வையுங்கள்.

இப்போது கிடக்கும் புழுக்கையை உலர்ந்தபடி பெருக்காதீர்கள். கையுறை போட்டு, 1 பங்கு பிளீச்சில் 9 பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, 5 நிமிடம் ஊறியபின் துடைத்தெடுங்கள்.