போகிறவரும் இருக்கிறவரும்: வாசகர் கேள்வி, அக்கா பதில்

கோடை விடுமுறை நெருங்குவதாலோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஊருக்குப் போவது, ஊரிலிருந்து வருவது, வீட்டை யாரிடம் விட்டுவிட்டுக் கிளம்புவது என்பதைப் பற்றியே இருந்தன. பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டிருப்பதால் எல்லாருக்குமே ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

*

அக்கா, என் வீட்டுக்காரர் பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறார். சனிக்கிழமை ராத்திரி வருவார், திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். ஞாயிறு ஒரு நாள்தான் எங்களுக்கு. அன்றைக்கு அவருக்குத் தூங்க வேண்டும், எனக்கும் பிள்ளைகளுக்கும் எங்கேயாவது வெளியே போக வேண்டும். வாராவாரம் சண்டை. யார் பக்கம் நியாயம்?
ஒரு வாசகி, காவேரிப்பட்டினம்

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது தங்கை, அதனால்தான் சண்டை தீர மாட்டேன் என்கிறது.

தூரம் என்று பார்த்தால் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் அந்த ரோட்டில் வந்தவர்களுக்குத்தான் தெரியும். சந்தாபுராவில் ஊர்ந்து, அத்திப்பள்ளியில் லாரிகளுக்கு நடுவே நின்று, ஓசூரில் பஸ் மாறி, உட்கார இடம் கிடைத்தால் சூளகிரிக்கு முன்பே கழுத்து சாய்ந்துவிடும். உங்கள் வாரமும் லேசில்லை. பள்ளிக்கூட வேன், சிலிண்டர், மாமியாரின் மாத்திரை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரி, பெற்றோர் கூட்டத்தில் அப்பா ஏன் வரவில்லை என்ற கேள்வி, எல்லாம் ஒற்றை ஆளாக. அவருக்கு ரோடு சலித்துவிட்டது, உங்களுக்கு வீடு சலித்துவிட்டது. ஒருவருக்கு ஓய்வாக இருப்பது மற்றவருக்கு அடைத்துவைத்த மாதிரி இருக்கிறது. முதலில் இதை இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமையை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். காலை அவருடையது. பத்து மணியோ பதினொன்றோ, எழுந்திருக்கும் வரை பிள்ளைகள் அந்த அறைப் பக்கம் போகக் கூடாது, கரண்ட் பில் பேச்சும் கூடாது. சாயங்காலம் உங்களுடையது. நாலு மணிக்குக் கிளம்பி, பக்கத்திலேயே ஓர் இடம். ஏற்காடு வேண்டாம், ஒகேனக்கலும் வேண்டாம், அதெல்லாம் முழு நாள் வேலை. உங்கள் ஊர் வழியாகப் பாய்கிற தென்பெண்ணையின் குறுக்கேதான் கே.ஆர்.பி. அணை என்கிற கிருஷ்ணகிரி அணை இருக்கிறது, 1957-ல் காமராசர் திறந்துவைத்தது. பூங்காவில் பிள்ளைகள் ஓடட்டும், நீங்கள் இருவரும் ஓரமாக உட்கார்ந்து பேசுங்கள். வெளியே வந்தால் மீன் வறுவல் கடை. ஜிலேபி மீனைக் கீறி மசாலா தடவி அகலச் சட்டியில் போட்டு எடுத்துத் தருவார்கள், அதைச் சூடாகப் பிய்த்துத் தின்னும்போது யாருக்கும் சண்டை போடத் தோன்றாது. ஏழு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடலாம்.

இன்னும் இரண்டு விஷயம். திங்கட்கிழமை அவர் கிளம்புகிறார் என்று மூன்று மணிக்கு எழுந்து இட்லி ஊற்றாதீர்கள். ஓசூரில் எந்தக் கடையிலும் இட்லி கிடைக்கும், உங்கள் தூக்கம் கிடைக்காது. மாதத்தில் ஒரு ஞாயிறு பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டு நீங்கள் தனியாக அம்மா வீட்டுக்கோ தோழி வீட்டுக்கோ போய்வாருங்கள். எப்போதாவது ஒரு சனிக்கிழமை நீங்கள் பிள்ளைகளோடு பெங்களூர் போய், லால்பாக்கைச் சுற்றிவிட்டு, அவர் வேலை முடிந்ததும் எல்லாரும் ஒரே பஸ்ஸில் திரும்பலாம். அந்தக் கூட்டத்தில் ஒரு தடவை நின்றுகொண்டு வந்து பார்த்தால் அவருடைய ஞாயிற்றுத் தூக்கம் உங்களுக்கும் வேறு மாதிரி தெரியும், நீங்கள் பிள்ளைகளைச் சமாளிப்பதை அவரும் பக்கத்திலிருந்து பார்ப்பார்.

இந்த ஏற்பாடு எத்தனை வருடத்துக்கு என்று இருவரும் உட்கார்ந்து ஒரு முடிவு எடுங்கள். ஓசூரிலேயே வேலை தேடுவதா, குடும்பத்தோடு பெங்களூருக்கே போவதா, கடன் முடிகிற வரைக்கும் இப்படியேவா. கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் இதைப் பேசாமலே பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் வரை ஓட்டிவிட்ட குடும்பங்கள் நிறைய இருக்கின்றன, அது எனக்கு மனவருத்தம்.

*

வருடத்துக்கு இரண்டு தடவை குடும்பத்தோடு வெளியூர் போகிறோம். பிள்ளைகளோடு பஸ்ஸில் அலைவதற்குப் பதிலாகக் கடன் போட்டு ஒரு கார் வாங்கலாமா?
ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

இரண்டு தடவைக்காக வேண்டாம். வாடகை வண்டி போதும். தவணை கட்டவே கூடுதல் நேரம் வேலை பார்க்க வேண்டி வந்தால், அந்தக் காரில் உட்கார்ந்து போக உங்களுக்கு நேரம் இருக்காது. கிருஷ்ணகிரியில் ரயில் இல்லை என்பது நம் எல்லாருக்கும் உள்ள குறை. ஒரு காலத்தில் திருப்பத்தூரிலிருந்து இங்கே சின்ன ரயில் ஓடியது, 1941-ல் நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் ராயக்கோட்டைக்கோ தருமபுரிக்கோ போய்விட்டால் சேலம் – பெங்களூர் பாதையில் ரயில் இருக்கிறது. பிள்ளைகளை ஜன்னல் ஓரம் உட்காரவையுங்கள், கட்டுச்சோறு எடுத்துக்கொள்ளுங்கள்.

*

ஒகேனக்கல் போகிற வழியில் வீடு என்பதால் ஏப்ரல், மே வந்தால் சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க, பரிசலில் போக என்று கிளம்பிவிட்டு மூன்று மணிக்குப் பசியோடு திரும்புவார்கள். அத்தனை பேருக்கும் சமைத்து, ஈரத் துணி காயப்போட்டு, பாய் விரித்து, எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது. முகம் சுளிக்கவும் மனசில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் பரிசலில் ஏறியதே இல்லை அக்கா.
ஒரு வாசகி, பென்னாகரம்

உங்கள் கடைசி வரியைப் படித்த பிறகு மற்ற கடிதங்களை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நாடெங்கிலும் இருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிற இடம், உங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் பயணம்.

விருந்தோம்பல் நம் மண்ணுக்குப் பழைய பெருமைதான். ஔவையார் தகடூருக்கு வந்தபோது, ஒரு நாள் அல்ல, பல நாள், பலரோடு போனாலும் அதியமான் முதல் நாள் போலவே வரவேற்றான் என்று பாடி வைத்திருக்கிறார். அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. அந்தப் பாட்டை நினைக்கும்போதெல்லாம் அரண்மனையில் உலை வைத்தவர்களையும் நான் சேர்த்தே நினைக்கிறேன். வாசலில் நின்று வாங்க வாங்க என்று சொல்கிறவர் ஒருவர், உள்ளே அரிசி களைகிறவர் ஒருவர். உங்கள் வீட்டில் வாங்க என்று சொல்கிறவர் யாரோ, அவரிடம் இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடுங்கள்.

இந்தக் கோடையில் இப்படிச் செய்து பாருங்கள். வருகிறேன் என்று போன் வந்ததுமே, “வாங்க, மத்தியானச் சாப்பாடு ஆற்றோரம்தான், நாங்களும் வருகிறோம்” என்று சொல்லிவிடுங்கள். மீன் வாங்கிக் கொடுத்தால் மசாலா அரைத்துக் குழம்பு வைத்து, வறுத்தும் கொடுக்கிற அம்மாக்கள் ஒகேனக்கலில் இருக்கிறார்களே. அவர்களுக்கு அது பிழைப்பு, உங்களுக்கு ஒரு வேளை ஓய்வு. வந்தவர்களுக்கும், உங்கள் சமையலை எவ்வளவு மெச்சினாலும், ஆற்றோரம் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் ஞாபகம் இருக்கும். ராத்திரிக்குக் களியும் கீரைக் கடைசலும் போதும், பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் அதைத்தான் ஆசையாகக் கேட்கிறார்கள்.

ஆடியில் வருகிறேன் என்பவர்களிடம் முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லுங்கள். கர்நாடக அணைகளிலிருந்து தண்ணீர் அதிகமாகத் திறந்துவிட்டால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போட்டுவிடுவார்கள். அவ்வளவு தூரம் வந்து ஏமாந்த கூட்டத்தைச் சமாளிப்பதும் உங்கள் தலையில்தான் விழும்.

பரிசலில் ஏறும்போது மிதவைச் சட்டையைச் சரியாகக் கட்டிக்கொள்ளுங்கள். பாறை நடுவே திரும்பும்போது பயம் வரும், அப்போது விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க மட்டும் கூடாது. போய்வந்த பிறகு எனக்கு எழுதுங்கள், கட்டாயம்.

*

வயது 26. அம்மாவும் நானும்தான், கொஞ்சம் நிலம், இரண்டு கறவை மாடு. நண்பர்கள் பைக்கில் லடாக் போகிறார்கள். எனக்கும் ஆசை. அம்மாவைத் தனியே விட்டுப் போவது தப்பா?
ஒரு வாசகர், பாலக்கோடு

தப்பில்லை தம்பி, போய்வாருங்கள். ஆசையைத் தள்ளிப்போட்டுவிட்டு அந்த எரிச்சலை அம்மா மேல் காட்டிக்கொண்டிருப்பதுதான் தப்பு.

ஆனால் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்று வாயளவில் சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள். காலையும் மாலையும் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்ற வேண்டும், புல் அறுக்க வேண்டும், ஒரு மாடு சினையாக இருந்தால் இன்னும் கவனம். கூலி பேசி ஓர் ஆளை ஏற்பாடு செய்து, நீங்கள் இருக்கும்போதே ஒரு வாரம் பழக்குங்கள். புது ஆளிடம் மாடு உடனே பால் விடாது. செலவுக் கணக்கில் பெட்ரோலுக்குப் பக்கத்திலேயே அந்தக் கூலியையும் எழுதுங்கள். தக்காளி அறுப்பு நேரமாக இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் பணத்தில் போக முடிந்தால் போங்கள், கடன் வாங்கி வேண்டாம்.

லே நகரமே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் சமவெளி ஆட்களுக்குத் தலைவலி, வாந்தி, மூச்சுத் திணறல் வரலாம். போய்ச் சேர்ந்ததும் குறைந்தது இரண்டு நாள் அங்கேயே ஓய்வெடுங்கள், அதற்கு மேல் ஏறுவதெல்லாம் அப்புறம். நண்பர்கள் அவசரப்படுத்தினால் அவர்கள் முன்னால் போகட்டும்.

திரும்பி வந்ததும் அம்மாவிடம் எங்கே போக ஆசை என்று கேளுங்கள். தீர்த்தமலை என்பார்கள், ராமேஸ்வரம் என்பார்கள், ஒன்றும் வேண்டாம் மாடு இருக்கிறதே என்றும் சொல்வார்கள். அப்போது, “மாட்டை நான் பார்த்துக்கிறேன், நீ போய்ட்டு வாம்மா” என்று சொல்லுங்கள். அவர் போகிற நாட்களில் நீங்களே கறக்க வேண்டும், கூலி ஆள் கூடாது.

*

நான் ஆசிரியை. பள்ளி, வீடு, திரும்பப் பள்ளி என்று மூச்சு முட்டுகிறது. விடியற்காலையில் காட்டுப் பக்கம் தனியாக நடந்துவிட்டு வந்தால் மனசு லேசாகும் என்று நினைக்கிறேன். வீட்டில் தடுக்கிறார்கள்.
ஒரு வாசகி, தேன்கனிக்கோட்டை

தனியாக ஒரு மணி நேரம் வேண்டும் என்பதில் உங்கள் பக்கம் நிற்கிறேன், இடத்தைப் பொறுத்தவரை உங்கள் வீட்டார் பக்கம். ராகி முற்றுகிற காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைகள் தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு வந்துவிடும், ராத்திரி வயலில் மேய்ந்துவிட்டுக் காட்டுக்குத் திரும்புவது விடியற்காலையில்தான். வெளிச்சம் வந்த பிறகு, ஊருக்குள்ளேயே நடங்கள். அந்த நேரத்தில் பிள்ளைக்கு டிபன் கட்டுவது யார் என்பதை மட்டும் முதலில் பேசி முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நடக்கும்போதும் மனசு அடுப்படியில்தான் இருக்கும்.

*

மகனும் மருமகளும் பெங்களூரில் வேலைக்குப் போகிறார்கள். பேத்தியைப் பார்த்துக்கொள்ள நான் இங்கே வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. என் வீட்டுக்காரர் அரூரில் தனியாக நிலத்தைப் பார்த்துக்கொண்டு தானே சமைத்துச் சாப்பிடுகிறார். அங்கே போனால் பேத்தி ஞாபகம், இங்கே இருந்தால் அவர் ஞாபகம். எது என் வீடு என்றே தெரியவில்லை. பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?
ஒரு தாய், அரூர் (இப்போது பெங்களூரில்)

அம்மா, உங்களைப் போல எழுதுகிறவர்கள் இப்போது மாதாமாதம் அதிகமாகிறார்கள். இளம் வயதில் ஆம்பிளைகள் கட்டிட வேலைக்கும் பனியன் கம்பெனிக்கும் போனார்கள், மனைவிமார் ஊரில் காத்திருந்தார்கள். இப்போது அறுபது வயதில் அது திரும்பிவிட்டது. மனைவி பட்டணத்தில் அடுக்குமாடியில், கணவர் ஊரில் தனியாக. சேர்ந்து உட்கார்ந்து பேச நேரம் கிடைக்க வேண்டிய வயதில் பிரித்துவிட்டோம். உங்கள் மகன் கெட்டவர் இல்லை. வாடகை, தவணை, குழந்தைகள் காப்பகத்தின் கட்டணம், எல்லாம் சேர்ந்து அவரை நெருக்குகிறது. ஆனால் அம்மாவுக்கு என்ன, பேத்தியோடு சந்தோஷமாகத்தான் இருக்கிறார் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். நீங்கள் சொன்னால் ஒழிய அவருக்குத் தெரியப்போவதில்லை.

கண்ணீரோடு சொல்ல வேண்டாம், கோபத்தோடும் வேண்டாம். காலண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு சொல்லுங்கள். ஏப்ரல், மே பேத்தி அரூருக்கு வரட்டும், தாத்தாவோடு நிலத்தில் ஓடட்டும். வயலில் வேலை குறையும்போது அவர் பெங்களூர் வரட்டும். மற்ற மாதங்களில் பதினைந்து நாள் அங்கே, பதினைந்து நாள் இங்கே. நீங்கள் இல்லாத நாட்களுக்குக் காப்பகமோ, மருமகளின் அம்மாவோ, மகன் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதோ, அதை அவர்கள் யோசிக்கட்டும். அதையும் நீங்களே யோசித்துக் கொடுக்க வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், மாசியில் புளி உலுக்கிப்போட்டு, திண்ணையில் அக்கம்பக்கத்துப் பெண்களோடு உட்கார்ந்து ஓட்டை உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டியதைப் பற்றி எழுதியிருந்தீர்களே. கல்லின் மேல் வைத்துத் தட்டத் தட்டக் கை கறுத்துப்போவதையும், பேச்சு மட்டும் நிற்காமல் போவதையும். எது உங்கள் வீடு என்று கேட்டீர்கள். அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தை அடித்தல் திருத்தல் இல்லை.

காலண்டரில் முதலில் மாசி மாதத்தை வட்டம் போட்டுவிட்டு மகனிடம் கொடுங்கள். மற்ற மாதங்களை அவர் நிரப்பட்டும்.