28 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்த குழந்தையை வளர்ப்பது உண்மையில் எப்படி இருக்கும்? மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டால் கவலை தீர்ந்துவிடுமா?

உங்கள் தங்கையின் குழந்தை 27ஆவது வாரத்தில் பிறந்து, பல வாரங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்துவிட்டு, இப்போது 1.8 கிலோ எடையுடன் வீடு திரும்பப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். என் மகள் 26ஆவது வாரத்தில் 780 கிராம் எடையில் பிறந்தவள். இப்போது இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். உயிர் பிழைக்குமா என்ற பெரிய கவலை உங்களுக்கு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் இதுவரை எந்தப் பரிசோதனையை எப்போது செய்ய வேண்டும் என்பதை மருத்துவர்களும் சிஸ்டர்களும் நினைவில் வைத்திருந்தார்கள். இனி அந்தப் பொறுப்பு முழுவதும் வீட்டாருடையது. குழந்தையின் எடை ஏறுவதைப் பார்த்து மகிழ்ந்துகொண்டே அந்தத் தேதிகளைத் தவறவிடுவதுதான் நான் கண்டவரையில் அதிகமாக நடக்கிறது.

நம் ஊர்களில் ‘ஏழு மாதக் குழந்தை பிழைக்கும், எட்டு மாதக் குழந்தை பிழைக்காது’ என்று இன்றும் சொல்கிறார்கள். இது முற்றிலும் தவறு. கருவில் கூடுதலாகக் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபமே. காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் இவ்வளவு சீக்கிரம் பிறக்கும் குழந்தையின் நுரையீரலில் போதிய அளவு சுரந்திருக்காது. 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முன்னதாக, இரண்டு கிலோவுக்கும் அதிகமான எடையில் பிறந்தும், இந்தக் குறையால் இரண்டே நாளில் இறந்துபோனான். பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைவாக முதிரும் என்பதை நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹௌவி ஆகிய இருவர் 1972இல் வெளியிட்டார்கள். சர்ஃபாக்டன்டையே குழந்தையின் மூச்சுக்குழாய் வழியாகச் செலுத்திப் பலன் கண்டதை ஜப்பானின் புஜிவாரா 1980இல் வெளியிட்டார். என் மகளுக்கு இரண்டும் கிடைத்தன. அவள் பிழைத்ததற்கு எங்கள் வீட்டார் நேர்ந்துகொண்ட வேண்டுதல்களைக் காரணமாகச் சொல்கிறார்கள். நான் மறுப்பதில்லை, ஆனால் அந்த ஊசியையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வைத்துக்கொண்டு, மருத்துவரிடம் ஒவ்வொரு வரியையும் விளக்கிச் சொல்லும்படி உங்கள் தங்கையைக் கேட்கச் சொல்லுங்கள். தலை ஸ்கேனில் மூளைக்குள் ரத்தக்கசிவு தெரிந்ததா, தெரிந்திருந்தால் அது எந்த நிலை, எத்தனை நாள் வென்டிலேட்டரிலும் ஆக்சிஜனிலும் இருந்தது, குடலில் ஏதேனும் பாதிப்பு வந்ததா, காதுக்கான பெரா பரிசோதனை முடிந்ததா, அடுத்த கண் பரிசோதனை என்றைக்கு என்பவற்றைப் பொறுத்துத்தான் அடுத்த இரண்டு ஆண்டுகளின் பயணம் அமையும்.

இவற்றுள் கண் பரிசோதனையை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. விழித்திரையின் ரத்தநாளங்கள் கருவின் 40ஆவது வாரம் வரை வளர்ந்துகொண்டிருப்பவை. குழந்தை பாதியிலேயே வெளியே வந்துவிடும்போது அந்த வளர்ச்சி தடம் மாறி, விழித்திரையை இழுத்துப் பிரித்துப் பார்வையையே பறித்துவிடக்கூடும். 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் இன்குபேட்டருக்குள் கட்டுப்பாடில்லாமல் ஆக்சிஜன் கொடுத்ததால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இப்படிப் பார்வை இழந்தார்கள். ஆக்சிஜனை அளந்து கொடுக்கும் இக்காலத்திலும் இந்த நோய் மறையவில்லை. குழந்தையின் கண் வெளிப்பார்வைக்கு அழகாகவே இருக்கும். கண்மணியை விரித்து உள்ளே பார்க்கும் நிபுணருக்கு மட்டுமே தெரியும். இந்திய வழிகாட்டுதலின்படி, 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த 30 நாளுக்குள் முதல் பரிசோதனை நடக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு இரண்டு, மூன்று வாரத்திலேயே நடக்க வேண்டும். முதல் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் போதாது. ரத்தநாளங்கள் முழுமையாக வளர்ந்துவிட்டன என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கும் வரை அவர் சொல்லும் இடைவெளியில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். என் மகளுக்கு வீட்டுக்கு வந்த பிறகு நடந்த பரிசோதனையில்தான் லேசர் தேவை என்று தெரிந்தது. “இப்போதுதானே வீட்டுக்குக் கொண்டுவந்தோம், கொஞ்சம் உடம்பு தேறட்டுமே” என்றார் என் அத்தை. அவர் அன்பினால் சொன்னதுதான், ஆனால் இந்தச் சிகிச்சைக்கு இருக்கும் அவகாசம் இரண்டு, மூன்று நாட்களே. இன்று அவள் கண்ணாடி அணிந்து படிக்கிறாள்.

அடுத்தது பால். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது ஆகிய மூன்றையும் ஒருங்கே செய்யும் திறன் ஏறக்குறைய 34ஆவது வாரத்தில்தான் வரும். அதுவரை குழாய் வழியாகவும், பிறகு நம் பாட்டிமார் பயன்படுத்திய அதே பாலாடையிலும் புகட்டுவார்கள். பல லட்ச ரூபாய்க் கருவிகளுக்கு நடுவே சிஸ்டர் ஒரு பாலாடையை எடுத்து நீட்டியபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தாய்ப்பால் இந்தக் குழந்தைகளின் குடல் அழுகிப்போகும் ஆபத்தைக் குறைப்பதால், குழந்தை நேரடியாகக் குடிக்காத காலத்திலும் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், பாலைப் பீய்ச்சி எடுத்தாக வேண்டும். சுரக்காதபோது தாயைக் குறைசொல்வதைக் காட்டிலும் தாய்ப்பால் வங்கியைக் கேட்பது மேல். ஆசியாவின் முதல் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது, தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் இப்போது இருக்கிறது. இரும்புச்சத்து, வைட்டமின் டி சொட்டு மருந்துகளை மருத்துவர் நிறுத்தச் சொல்லும் வரை நிறுத்தக் கூடாது, ஏனெனில் கடைசி மூன்று மாதங்களில் தாயிடமிருந்து சேர வேண்டிய இருப்பு இந்தக் குழந்தைகளுக்குச் சேரவே இல்லை.

வீட்டில் பெரியவர்களோடு வரும் உரசல்களை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, ஆகவே சொல்கிறேன். சாம்பிராணிப் புகை இந்த நுரையீரலுக்கு ஆகவே ஆகாது. உரை மருந்து, சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் கூடாது. எண்ணெய் தேய்த்து மூக்கை நீவிக் குளிப்பாட்டும் வழக்கத்தை ஒதுக்கிவிட்டு, மருத்துவர் சொல்லும் வரை துடைத்துவிட்டாலே போதும். குழந்தையைப் பார்க்க வருகிறவர்களைத் தடுப்பது மனக்கசப்பைத் தரும்தான், ஆனால் நமக்குச் சாதாரணமாக வந்துபோகும் சளி இந்தக் குழந்தையைத் திரும்பவும் ஆக்சிஜனில் படுக்க வைத்துவிடும். நாங்கள் மருத்துவர் மேல் பழியைப் போட்டு, “டாக்டர் யாரையும் விடக் கூடாது என்று சொல்லிவிட்டார்” என்றே எல்லோரிடமும் சொன்னோம். அதற்கு எதிராக யாரும் பேசவில்லை. மருத்துவமனையில் மானிட்டரின் கண்காணிப்பில் குப்புறப் படுக்க வைத்திருப்பார்கள். வீட்டில் மல்லாந்துதான் தூங்க வைக்க வேண்டும். நோய்த்தொற்று வந்தால் காய்ச்சல் வரும் என்று காத்திருக்கக் கூடாது. இந்தக் குழந்தைகளின் உடல் சில்லிட்டுப்போவதும், பால் குடிக்காமல் துவண்டுவிடுவதும்கூடத் தொற்றின் அறிகுறிகளே. மூச்சு நின்று நின்று வந்தாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே கிளம்பிவிட வேண்டும்.

கங்காரு பராமரிப்பை வீட்டிலும் தொடருங்கள். இன்குபேட்டர்கள் போதாமல் தவித்த கொலம்பியாவின் போகோட்டா நகர மருத்துவமனையில் 1978இல் எட்கர் ரேய் என்ற மருத்துவர் தொடங்கிய முறை இது. குழந்தையைத் துணியில்லாமல் மார்போடு அணைத்துக் கட்டிக்கொள்வது வேறு வழியில்லாத இடத்தின் மாற்று ஏற்பாடாகத் தொடங்கி, இன்று வசதியான மருத்துவமனைகளுக்கும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் சிகிச்சையாகிவிட்டது. தகப்பனும் செய்யலாம், என் கணவர் அலுவலகத்திலிருந்து வந்து குளித்ததும் முதல் வேலையாக அதைத்தான் செய்தார், எனக்குத் தூங்கக் கிடைத்த நேரம் அதுதான்.

குழந்தையின் வளர்ச்சியை அளக்கும்போது பிறந்த தேதியிலிருந்து கணக்கிடாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து கணக்கிட வேண்டும். இதைத் திருத்திய வயது என்பார்கள், இரண்டு வயது வரை இதுவே அளவு. உங்கள் தங்கை குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்போது திருத்திய வயது மூன்று மாதம்தான். “இன்னுமா தலை நிற்கவில்லை?” என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியதில்லை. தடுப்பூசி மட்டும் பிறந்த தேதிக் கணக்கில்தான். எடை குறைவு என்பதற்காக நீங்களாகத் தள்ளிப்போடக் கூடாது, மாற்றம் தேவையென்றால் மருத்துவரே சொல்வார்.

எதிர்காலத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1995இல் 25 வாரம் அல்லது அதற்கு முன் பிறந்து பிழைத்த குழந்தைகளை ஆறு வயதில் வகுப்புத் தோழர்களோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது, 22 சதவீதத்தினருக்குக் கடுமையான குறைபாடும், 24 சதவீதத்தினருக்கு நடுத்தரக் குறைபாடும், 34 சதவீதத்தினருக்கு லேசான குறைபாடும் இருந்தன. அவை 27ஆவது வாரத்தைவிடச் சீக்கிரம் பிறந்தவை, சிகிச்சையும் அதன்பின் முன்னேறியிருக்கிறது, ஆகவே அந்த எண்களை உங்கள் குழந்தை மேல் அப்படியே ஏற்ற முடியாது. ஆயினும் கைகால் இறுக்கம், நடையில் தடுமாற்றம், பேச்சுத் தாமதம், கவனக்குறைவு, கணக்குப் பாடத்தில் சிரமம் ஆகியவை இந்தக் குழந்தைகளிடம் மற்றவர்களைவிட அதிகம் என்பது உண்மை. சீக்கிரம் கண்டுபிடித்தால் பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் நிறையவே உதவும். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் அமைந்த மாவட்ட இடையீட்டு மையங்களில் இவை இலவசம். தனியாரிடம் மணிக்கணக்கில் பணம் கட்டுவதற்கு முன் அங்கே ஒருமுறை போய்ப் பாருங்கள். என் மகள் திருத்திய வயதில் பத்து மாதத்திலும் உட்காரவில்லை, அங்கே காட்டிய பயிற்சிகளைத்தான் வீட்டில் அன்றாடம் செய்தோம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: தனியார் மருத்துவமனையில் எங்கள் சேமிப்பு முழுவதும் கரைந்து, நகையும் அடகுக்குப் போனது. தங்கையின் கணவர் அலுவலகக் காப்பீடு பிறந்த நாளிலிருந்தே குழந்தைக்குப் பொருந்துமா என்று பார்க்கச் சொல்லுங்கள். தனிநபர் காப்பீடுகள் பல 90 நாளுக்குப் பிறகே குழந்தையைச் சேர்த்துக்கொள்ளும். பிரசவ விடுப்பின் பெரும்பகுதி மருத்துவமனை வாசலிலேயே கழிந்துவிடுவதுதான் வேலைக்குப் போகும் தாய்க்கு நேரும் பெரிய அநியாயம். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில், குறைப்பிரசவத்தால் உடல்நலம் குன்றிய தாய்க்குக் கூடுதலாக ஒரு மாதம் ஊதியத்துடன் விடுப்புத் தர இடம் இருந்தது. என் அலுவலகத்தில் யாருக்கும் அது தெரியவில்லை, நான் பிரிவு எண்ணைச் சொல்லித்தான் வாங்கினேன். தங்கை காரணமில்லாமல் அழுதாலோ, குழந்தையைப் பார்த்தாலே பயந்தாலோ, மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்காதீர்கள். மானிட்டரின் ஒலியைப் போன்ற எந்தச் சத்தம் கேட்டாலும் எனக்கு நெடுநாள் உடல் நடுங்கியது.

பள்ளிச் சேர்க்கையையும் இப்போதே யோசித்து வைக்கலாம். என் மகள் ஏப்ரல் கடைசியில் பிறந்தாள். பிறந்திருக்க வேண்டியது ஆகஸ்டில். பள்ளியின் வயது வரம்பு ஜூலை 31 என்பதால், சேர வேண்டிய ஆண்டுக்கு முந்தைய ஆண்டிலேயே அவளைச் சேர்க்கும் நிலை வந்தது. நாங்கள் ஓராண்டு பொறுத்துச் சேர்த்தோம். தலைமை ஆசிரியர் முதலில் தயங்கினாலும், டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைக் காட்டியதும் ஒப்புக்கொண்டார். அதை லேமினேட் செய்து வைத்திருக்கிறோம். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு வளர்ந்த பிறகும் ரத்த அழுத்தம் அதிகரிக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதால், பிற்காலத்தில் அவள் பார்க்கும் மருத்துவருக்கும் அது தேவைப்படும்.